சாப்பாட்டை வைத்துக் குணத்தைச் சொல்லலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் உள்ள சில பள்ளிகளில் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் மனநல ஆலோசகராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். தேர்வு பயம், படிப்பில் நாட்டமின்மை, வீட்டுச் சண்டை என எதைப் பற்றிப் பேச வந்தவர்களும், எழுந்து போகும் முன் சாப்பாட்டைப் பற்றி ஒரு சந்தேகத்தைக் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். பிள்ளை எதைத் தின்கிறது, எதை ஒதுக்குகிறது என்பதை வைத்து அதன் எதிர்காலத்தையே கணித்துவிடும் பெற்றோரையும் ஆசிரியர்களையும் அடிக்கடி பார்ப்பதால், இந்தச் சந்தேகங்களுக்குப் பொறுமையாகப் பதில் எழுதி வைப்பது என் கடமை என்று நினைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தந்திருக்கிறேன். முன்பே சொன்ன செய்தி மீண்டும் தேவைப்படும் இடத்தில் அந்தக் கேள்வியின் எண்ணைக் குறித்திருக்கிறேன்.

1. சாப்பாட்டை வெச்சு ஒருத்தரோட குணத்தைச் சொல்ல முடியுமா, முடியாதா? சுருக்கமா சொல்லுங்க.

பெரும்பாலும் முடியாது. ஒருவருக்கு ஓர் உணவு பிடிப்பதற்குப் பின்னால் அவருடைய நாக்கின் அமைப்பு, பிறந்த வீட்டின் சமையல், ஊரில் விளையும் பொருள், கையில் இருக்கும் காசு, அன்றைய உடல்நிலை ஆகிய எல்லாம் இருக்கின்றன. குணம் இந்த வரிசையில் கடைசியாகத்தான் வந்து நிற்கிறது. முன்பின் அறியாத உணவைத் தொட்டுப் பார்க்கத் துணிகிறாரா தயங்குகிறாரா என்ற ஒரு விஷயத்தில் மட்டும் தட்டுக்கும் குணத்துக்கும் இடையே நம்பத்தகுந்த தொடர்பு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்பட்டிருக்கிறது. அதுவும் பலரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிற தொடர்பே தவிர, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உதவாது.

2. குணம்னு நீங்க எதைச் சொல்றீங்க? நாங்க சொல்ற நல்லவன், கெட்டவனா?

அது இல்லை. உளவியல் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஐந்து கூறுகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்: புதியதை நாடும் இயல்பு, பொறுப்புணர்வு, பிறருடன் கலகலப்பாகப் பழகும் தன்மை, இணக்கம், எளிதில் மனம் கலங்கும் தன்மை. ஒவ்வொருவரிடமும் இந்த ஐந்தும் கூடவோ குறையவோ இருக்கும். பல ஆண்டுகள் பெரிதும் மாறாமல் நிற்பதைத்தான் குணம் என்கிறோம். இன்று காலை ஏற்பட்ட எரிச்சல் குணமாகாது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்வரும் பதில்களில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

3. காரம் நிறையச் சாப்பிடறவங்களுக்குக் கோபம் அதிகமா வரும்னு சொல்றாங்களே?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது, ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். அறுசுவையில் கார்ப்பையும் ஒன்றாக நம் முன்னோர் வைத்தாலும், உடலியலின்படி காரம் என்பது சுவை அன்று, எரிச்சல் உணர்வு. மிளகாயில் உள்ள கேப்சைசின் என்ற பொருள், சுமார் 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை உணர்வதற்கென்று நரம்பு முனைகளில் அமைந்திருக்கும் ஏற்பியைத் தூண்டிவிடுகிறது. டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்க அறிவியலாளரின் குழு 1997-இல் இந்த ஏற்பியைக் கண்டறிந்தது. வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் விதத்தை விளக்கியதற்காக அவருக்கும் ஆர்டெம் பட்டாபூட்டியனுக்கும் 2021-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஏற்காட்டு மலையில் சில்வர் ஓக் மரங்களின்மேல் படர்ந்து காய்க்கிற மிளகின் காரமும் இதே ஏற்பியைத்தான் தூண்டுகிறது. வாய் வெந்துவிட்டது என்று மூளைக்குத் தவறான செய்தி போவதால் முகம் சிவக்கிறது, வியர்க்கிறது, மூக்கும் கண்ணும் நீர் சொரிகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கோபக்காரரின் முகம் போலத் தெரிவதால் இந்த நம்பிக்கை வேரூன்றியிருக்கலாம் என்பது என் கருத்து.

ஆய்வுகள் காட்டுவது வேறொன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், நூற்றுக்குச் சற்றுக் குறைவானவர்களைக் கொண்டு பார்த்தபோது, பரபரப்பான அனுபவங்களைத் தேடிப் போகிறவர்கள் காரத்தைக் கூடுதலாக விரும்பினார்கள். ஆபத்து இல்லை என்று தெரிந்தபின் உடலின் எச்சரிக்கையையே இன்பமாக அனுபவிப்பதைப் பால் ரோசின் என்ற உளவியலாளர் தீங்கற்ற வதையின்பம் என்று அழைத்தார். ராட்டினத்தில் அலறிக்கொண்டே சிரிப்பதும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் அந்த ஆய்வு நடந்த ஊரில் காரம் என்பது ஒருவர் தேடிப் போய்ச் சாப்பிடும் பொருள். நம் ஊரிலோ பால் மறந்த சில ஆண்டுகளிலேயே ரசமும் குழம்பும் பிள்ளையின் தட்டுக்கு வந்துவிடுகின்றன. எல்லோரும் தின்பதை ஒருவர் தின்றால் அதிலிருந்து அவரைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்?

4. பாகற்காய், கடுங்காப்பி பிடிச்சவங்க இரக்கமில்லாதவங்கன்னு செய்தியில படிச்சேன். என் வீட்டுக்காரர் சர்க்கரை இல்லாம பால் இல்லாமத்தான் குடிக்கிறார்.

அம்மா, நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அந்தச் செய்திக்கு அடிப்படை, ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் நடத்திய ஆய்வு. இணையம் வழியாகச் சுமார் 950 அமெரிக்கர்களிடம் எந்தெந்தச் சுவை எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டு, கூடவே பிறரைத் தந்திரமாகப் பயன்படுத்திக்கொள்வது, பிறர் துன்பத்தில் மகிழ்வது போன்ற இயல்புகளைப் பற்றிய கேள்விகளையும் கேட்டார்கள். கசப்பைக் கூடுதலாக விரும்புவதாகச் சொன்னவர்கள் அந்த இயல்புகளிலும் சற்றே கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். இரண்டுமே அவரவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டவை. எவரும் எதிரில் உட்கார்ந்து பாகற்காயைச் சுவைக்கவில்லை. கிடைத்த தொடர்பும் மிக மெல்லியது. உயரமானவர்கள் பொதுவாக எடை கூடுதலாக இருப்பார்கள் என்பது உண்மைதான். அதற்காக ஒருவரின் எடையைக் கேட்டு உயரத்தைச் சொல்லிவிட முடியுமா? இந்த ஆய்வில் தெரிந்த தொடர்பு அதைவிடப் பலமடங்கு பலவீனமானது. கசப்பு இரக்கத்தைக் கொல்கிறது என்றும் அந்த ஆய்வு சொல்லவில்லை. கேட்கப்பட்ட பொதுவான ஒரு சுவை விருப்பம் தலைப்புச் செய்தியில் கடுங்காப்பியாகச் சுருங்கிவிட்டது.

ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையில் காப்பியின் வரலாறு, 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டதிலிருந்து தொடங்குகிறது. மலைக் கிராமம் ஒன்றில் ஒரு மாணவியின் வீட்டுக்குப் போயிருந்தபோது அவளுடைய பாட்டி எனக்குக் காப்பி போட்டுத் தந்தார். முற்றத்தில் உலர்த்திய கொட்டையைச் சட்டியில் கருக வறுத்து, உரலில் இடித்து, கொதிக்கும் நீரில் போட்டு, தூள் அடியில் இறங்கும்வரை மூடி வைத்து, ஒரு துண்டு வெல்லத்தைக் கையில் கொடுத்துக் கடித்துக்கொள்ளச் சொன்னார். பால் ஏன் ஊற்றுவதில்லை என்று கேட்டேன். கறவை மாடு இருந்தால் ஊற்றியிருக்கலாம் சாமி என்றார். அந்த வீட்டின் கடுங்காப்பிக்கு இருந்த காரணம் முழுவதும் அவ்வளவுதான்.

5. அப்போ ஒரே வீட்டுல ஒருத்தருக்குக் கசப்பு தாங்கல, இன்னொருத்தர் ரசிச்சுச் சாப்பிடறாரே, அது எப்படி?

இருவரும் சுவைப்பது ஒரே பாகற்காய் அன்று என்பதே பதில். 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் ஒரு தூள் காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்று முறையிட, அதைக் கையாண்டுகொண்டிருந்த ஃபாக்ஸுக்கோ எந்தச் சுவையும் தெரியவில்லை. சுருக்கமாகப் பி.டி.சி. எனப்படும் அந்தப் பொருளைத் தடவிய தாளை நாக்கில் வைத்தால் சிலருக்கு வெறும் காகிதம், சிலருக்குச் சகிக்க முடியாத கசப்பு. இந்த வேறுபாட்டுக்குப் பெரிதும் காரணமான மரபணு 2003-இல் அடையாளம் காணப்பட்டது. முட்டைக்கோசு, முள்ளங்கி, கடுகுக் கீரை போன்றவற்றின் கசப்பு ஒருவருக்கு எவ்வளவு உறைக்கும் என்பதிலும் அந்த மரபணுவுக்குப் பங்கு உண்டு. கொத்தமல்லித் தழை சிலருக்குச் சோப்பு வாசம் அடிப்பதற்கும் மோப்பம் சார்ந்த ஒரு மரபணு வேறுபாட்டோடு தொடர்பு கண்டிருக்கிறார்கள்.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, பிரிட்டனில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவல்களை ஆராய்ந்து, காஃபீனின் கசப்பைக் கூர்மையாக உணரும் மரபணு அமைப்புக் கொண்டவர்கள் காப்பியைக் குறைவாக அன்று, சற்றுக் கூடுதலாகவே குடிக்கிறார்கள் என்று கண்டது. அந்தக் கசப்பைத் தொடர்ந்து வருகிற சுறுசுறுப்பை உடல் நினைவில் வைத்துக்கொள்வதால் இப்படி நேரலாம். நாக்கு சொல்வதும் விருப்பம் சொல்வதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

6. இனிப்பு பிடிச்சவங்க இனிமையானவங்களா?

2012-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், இனிப்பை விரும்புவோர் இணக்கத்தில் சற்றுக் கூடுதலாக இருப்பதாகவும், பிறருக்கு உதவக் கொஞ்சம் கூடுதலாக முன்வந்ததாகவும் கண்டார்கள். அங்கும் தொடர்பின் அளவு சிறியதே. 4-ஆம் கேள்வியில் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

நம்மை இதில் வழிநடத்துவது ஆய்வைவிட நம் மொழிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இனிமையாகப் பேசினார் என்கிறோம், காரசாரமாக விவாதித்தார் என்கிறோம், மனம் கசந்து போனது என்கிறோம், உப்புச்சப்பில்லாத மனிதர் என்கிறோம், கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது என்கிறோம். குணத்துக்கும் உறவுக்கும் நாக்கிலிருந்து சொற்களைக் கடன் வாங்கிப் பழகியதால், கடன் வாங்கினோம் என்பதையே மறந்து, இனிப்புத் தின்பவர் இனியவர் என்று நம்பத் தொடங்கிவிடுகிறோம்.

7. தட்டு வடை செட் கடையில ஒருத்தர் எப்படிக் கேட்டு வாங்கறார்னு பார்த்தே அவரைச் சொல்லிடுவேன்னு என் நண்பன் சொல்றான். நிஜமா?

இதைச் சோதித்துப் பார்க்கவே ஒரு மாதம் மாலை வேளைகளில் ஒரே கடையில் உட்கார்ந்து கவனித்தேன். கடைக்காரர் தட்டு வடைகளை வரிசையாகப் பரப்பி, ஒன்றில் சிவப்புச் சட்னியும் இன்னொன்றில் பச்சைச் சட்னியும் தடவி, துருவிய கேரட்டையும் பீட்ரூட்டையும் நறுக்கிய வெங்காயத்தையும் கைப்பிடியாக அள்ளி வைத்து, மேலே ஒரு வடையால் மூடி அழுத்திக் கொடுப்பார். சிவப்பைத் தூக்கலாக வைக்கச் சொல்லும் ஒருவர் நாள்தோறும் வருவார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் தம் சிறிய மகளோடு வந்து, பச்சைச் சட்னி மட்டும் போடுங்கள் என்று இருவருக்கும் ஒரே மாதிரி வாங்கினார். இன்னொரு நாள் வாய்ப்புண் என்று சட்னியே வேண்டாமென்று வெறும் வடையை நொறுக்கித் தின்றார். உங்கள் நண்பர் அந்த மூன்று நாள்களில் எந்த நாளில் அவரைப் பார்த்திருப்பார் என்பதைப் பொறுத்து மூன்று வேறு மனிதர்களைச் சொல்லியிருப்பார். ஒருவர் கேட்டு வாங்குவது, அந்த நேரத்தில் அவர் யாரோடு இருக்கிறார், மதியம் என்ன சாப்பிட்டார், எவ்வளவு பசி என்பவற்றையும் சேர்த்துத்தான் காட்டுகிறது.

8. புதுசு புதுசா சாப்பிடறவன் துணிச்சல்காரன், ஒரே சோத்தையே சாப்பிடறவன் பயந்தாங்கொள்ளி. இதாவது சரியா?

முதல் கேள்வியில் நான் குறிப்பிட்ட தொடர்பு இதைப் பற்றியதுதான், ஆனால் துணிச்சல், பயம் என்ற சொற்கள் இதற்குப் பொருந்தா. அறியாத உணவின்மீது ஏற்படும் தயக்கத்தை அளக்க, பட்ரிஷியா ப்ளைனர், கேரன் ஹாப்டன் என்ற உளவியலாளர்கள் 1992-இல் பத்து வாசகங்கள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். அதில் தயக்கம் குறைவாக உள்ளவர்கள், புதியதை நாடும் இயல்பில் சராசரியாகக் கூடுதலாக இருப்பது பல நாடுகளின் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. புதிய ஊர், புதிய இசை, புதிய கருத்து ஆகியவற்றின்மீது உள்ள ஆர்வம் தட்டிலும் கொஞ்சம் தெரிகிறது என்பதே இதன் பொருள். துணிச்சல் என்பது வேறு. நள்ளிரவில் தீப்பிடித்த வீட்டுக்குள் நுழைந்து குழந்தையைத் தூக்கி வந்த ஒருவர் வாழ்நாள் முழுவதும் தயிர்ச்சோறு மட்டுமே உண்பவராக இருக்கலாம்.

இந்தத் தயக்கத்தில் பிறவியின் பங்கு பெரிது. 2007-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று, 8 முதல் 11 வயதுக்குட்பட்ட 5,390 இரட்டையர் இணைகளை ஒப்பிட்டு, குழந்தைகளுக்கு இடையே இந்தத் தயக்கத்தில் காணப்படும் வேறுபாட்டில் சுமார் 78 விழுக்காடு மரபுவழிப்பட்டது என்று கணக்கிட்டது. வளர்ப்பு சரியில்லை என்று தாயைக் குறை கூறும் உறவினர்களுக்கு இந்த ஓர் எண்ணையாவது எடுத்துச் சொல்லுங்கள்.

9. என் மூணு வயசுப் பையன் இட்லியைத் தவிர எதையும் தொட மாட்டேங்கறான். இப்பவே இவ்வளவு பிடிவாதம்னா பெரியவனானா எப்படி இருப்பான்?

இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புதிய உணவை மறுப்பது மிக இயல்பான பருவ நிலை. நடக்கப் பழகிய குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் போடாமல் இருக்க உடல் செய்துவைத்த காவல் ஏற்பாடாகவே பலர் இதைக் கருதுகிறார்கள். கசப்பைக் குழந்தைகள் பெரியவர்களைவிடக் கூர்மையாக உணர்வதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. இதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைப்பது தவறு. குழந்தையின் காதுபடச் சொல்லிக்கொண்டே இருந்தால், அந்தப் பெயருக்கேற்ப நடக்க அது கற்றுக்கொள்ளும் என்பதை என் பணியில் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன்.

அதட்டாமல், ஆசை காட்டாமல், நீங்கள் உண்ணும் பொருளில் ஒரு சிறு துணுக்கை அதன் தட்டிலும் வைத்து வாருங்கள். பத்துப் பதினைந்து முறை கண்ட பிறகே பல குழந்தைகள் ஒரு காயை ஏற்கின்றன. சுவைப் பழக்கம் பிறக்கும் முன்பே தொடங்குகிறது. 2001-இல் ஜூலி மெனெல்லாவின் குழு வெளியிட்ட ஆய்வில், கருவுற்ற கடைசி மாதங்களில் கேரட் சாறு குடித்துவந்த தாய்மாரின் குழந்தைகள், கேரட் கலந்த கூழைப் பிற குழந்தைகளைவிட முகம் சுளிக்காமல் உண்டன. குழந்தையின் எடை குறைந்தாலோ, இரண்டு மூன்று பொருள்களுக்குமேல் எதையும் ஏற்காமல் தொடுதல், ஓசை முதலியவற்றிலும் மிகுந்த கூச்சம் காட்டினாலோ குழந்தை நல மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

10. சாத்வீக உணவு, ராஜச உணவுன்னு கீதையிலேயே இருக்கே, அதை இல்லைங்கறீங்களா?

இல்லை என்று சொல்லவில்லை. அதில் என்ன இருக்கிறது என்பதை நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன். 17-ஆம் அத்தியாயத்தின் 8 முதல் 10 வரையிலான சுலோகங்கள், அமைதி மிக்க சாத்வீகர், வேகம் மிக்க ராஜசர், மந்தம் மிக்க தாமசர் என்ற மூவகை இயல்பினருக்கு எவ்வகை உணவு பிரியமானது என்று சொல்கின்றன. தம்மை உயர்த்திக்கொள்ள விரும்பும் ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே சீர்தூக்கிப் பார்ப்பதற்கான வழிகாட்டல் அது. பக்கத்து இலையை எட்டிப் பார்த்து, இவர் தாமசர் என்று முத்திரை குத்துவதற்கு அதை எடுத்துக்கொள்வது முறையாகாது. சமைத்து நெடுநேரமான உணவு தாமசம் என்ற வரியை அப்படியே பிடித்துக்கொண்டால், விடியற்காலையில் பழைய சோற்றையும் சின்ன வெங்காயத்தையும் உண்டுவிட்டுப் பகல் முழுவதும் வெயிலில் மரவள்ளி பிடுங்குகிற உழவரைச் சோம்பேறி என்று சொல்ல நேரும்.

அசைவம் உண்டால் முரட்டுக் குணம் வரும் என்பதையும் சிலர் இதனோடு சேர்த்துக் கேட்கிறார்கள். ஆடித் திருவிழாவில் கிடா வெட்டிப் பொங்கலிட்ட குடும்பமே புரட்டாசி முழுவதும் இறைச்சியைத் தொடாமல் இருப்பதைச் சேலத்தில் தெருவுக்குத் தெரு பார்க்கிறோம். அந்த வீடுகளில் புரட்டாசியில் சண்டை நின்று ஐப்பசியில் தொடங்குவதாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

11. 'பிடித்த பழத்தைச் சொல்லுங்கள், உங்கள் குணத்தைச் சொல்கிறோம்'னு ஒரு பத்திரிகையில வந்துச்சு. எனக்கு அப்படியே பொருந்துச்சே!

பொருந்தும்படிதான் அவை எழுதப்படுகின்றன. பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவை எழுதித் தந்தார். அது எவ்வளவு சரியாக இருக்கிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லோரிடமும் கொடுத்தது ஒரே பத்தி. 1949-இல் அவர் இதை வெளியிட்டார்.

ஒரு பள்ளியில் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் நானும் இதைச் செய்து பார்த்தேன். மல்கோவா, இமாம் பசந்த், செந்தூரா, பெங்களூரா, பங்கனப்பள்ளி என ஐந்து மாம்பழங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, மறுநாள் உறையிலிட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு தாளைக் கொடுத்தேன். 'வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் சில நேரங்களில் தயங்குவீர்கள். உங்கள் திறமைக்கு உரிய அங்கீகாரம் இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை. நெருங்கியவர்களுக்காக எதையும் விட்டுக்கொடுப்பீர்கள்' என்று அதில் எழுதியிருந்தேன். மல்கோவாவைத் தேர்ந்தெடுத்த மூத்த ஆசிரியை ஒருவர் அதைப் படித்துக் கண் கலங்கி, இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். பக்கத்திலிருந்த பெங்களூராக்காரரின் தாளை வாங்கிப் படித்ததும் இருவரும் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவருடைய கண்ணீர் உண்மையானது. அவருக்கு உரிய அங்கீகாரம் கிடைக்கவில்லை என்பதும் உண்மையாகவே இருக்கலாம். மாம்பழத்துக்கு அதில் பங்கு இல்லை என்பது மட்டுமே நான் காட்ட விரும்பியது.

12. ருசி பார்க்கறதுக்கு முன்னாடியே உப்பு போட்டுக்கறவங்களை வேலைக்கு எடுக்கக் கூடாதாமே? அவசரக்காரங்களாம்.

புகழ்பெற்ற அமெரிக்கத் தொழிலதிபர்கள் பலரின் பெயரில் மாற்றி மாற்றிச் சொல்லப்படும் கதை அது. உப்பின் அளவு பெரிதும் பழக்கத்தால் அமைவது. தொடர்ந்து இரண்டு மூன்று மாதங்கள் குறைத்து உண்டால் நாக்கு அந்த அளவுக்கே பழகி, பழைய அளவு கரிக்கத் தொடங்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கும் நெருப்பின் முன்னால் நாள் முழுவதும் வியர்த்துவிட்டு வருகிறவர் உப்பைத் தேடினால் அது உடல் கேட்பது. தன் வீட்டுச் சமையலில் எப்போதும் உப்பு குறைவு என்று அறிந்தவர் முன்கூட்டியே போட்டுக்கொண்டால் அது அனுபவம் கற்றுத் தந்தது. ஒரு சிட்டிகை உப்பை வைத்து ஒருவரின் பிழைப்பை மறுப்பது அநியாயம்.

13. பெண் பார்க்க வர்றப்ப மாப்பிள்ளை சாப்பிடறதை கவனின்னு எங்க அத்தை சொல்றாங்க. அதுவும் வேண்டாமா?

உங்கள் அத்தை சொல்வதை நான் மறுக்க மாட்டேன். எதை விரும்புகிறார் என்பதும், எப்படி நடந்துகொள்கிறார் என்பதும் வெவ்வேறு. பரிமாறுகிறவரிடம் எப்படிப் பேசுகிறார், உப்பு குறைந்தால் என்ன செய்கிறார், மற்றவர்களுக்குப் போதுமா என்று பார்க்கிறாரா என்பவை நடத்தை. நடத்தையில் குணம் தெரியும். ஆனாலும் அன்று அவர் தம் வாழ்நாளிலேயே மிகக் கவனமாக உண்ணும் நாள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

14. மலைமேல சாமையும் களியும் சாப்பிடறவங்க குணம் வேற, கீழ நெல்லுச்சோறு சாப்பிடறவங்க குணம் வேறன்னு சொல்றாங்க. ஒரு ஊருக்கே குணம் உண்டா?

இது எளிதாகத் தள்ளிவிட முடியாத கேள்வி. தாமஸ் டால்ஹெல்மும் அவருடைய கூட்டாளிகளும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், சீனாவில் நெல் விளையும் தென்பகுதியினரையும் கோதுமை விளையும் வடபகுதியினரையும் ஒப்பிட்டு, நெல் பகுதியினர் உறவையும் சேர்ந்து செயல்படுவதையும் கூடுதலாகச் சார்ந்து சிந்திப்பதாகக் கண்டார்கள். அவர்கள் தந்த விளக்கம் சோற்றைப் பற்றியதன்று. நெல்லுக்கு மடை திறக்கவும் நாற்று நடவும் அண்டை அயலாரோடு முறை வைத்து உழைக்க வேண்டியிருப்பதே காரணம் என்றார்கள். அந்த விளக்கத்தை மறுத்து வாதிடுவோரும் உண்டு.

நம் மலையைப் பொறுத்தவரை, மானாவாரியாக விளையும் சாமைக்கும் ராகிக்கும் மடைநீர் முறை இல்லை என்பது சரியே. ஆனால் இன்று மலைக் கிராமத்து வீடுகளிலும் நியாயவிலைக் கடை அரிசி பொங்குகிறது, கீழே நகரத்தில் சாமைச் சோறு விலையுயர்ந்த உணவாக விற்கிறது. தட்டு இடம் மாறிவிட்டது. ஊரின் குணம் என்று நாம் நினைப்பது அவ்வளவு விரைவில் இடம் மாறியதாகத் தெரியவில்லை.

15. எங்க அப்பாவுக்கு அறுபது வயசு. இனிப்பே தொடாதவர், இப்போ ஜிலேபியைத் திருடித் திங்கறார். குணமும் மாறிப்போச்சு, யாரையும் மதிக்கறதில்ல. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கலாம், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வயது ஏறும்போது மோப்பமும் சுவையும் மங்குவது இயல்பு. சில மாத்திரைகளும், கொரோனா போன்ற தொற்றுக்குப் பின் மோப்பம் குறைவதும், மனச்சோர்வும் சாப்பாட்டு விருப்பத்தை மாற்றும். அவற்றில் பெரும்பாலானவை குணத்தைத் தொடுவதில்லை. ஆனால் மூளையின் முன்பகுதியும் பக்கவாட்டுப் பகுதியும் மெல்லச் சுருங்கும் ஒரு நோய் உண்டு. பெரும்பாலும் 45-க்கும் 65-க்கும் இடைப்பட்ட வயதில் தொடங்கும். தொடக்கத்தில் ஞாபக சக்தி நன்றாகவே இருக்கக்கூடும். கூச்சம் விட்டுப் பேசுவது, பிறர் உணர்வைப் பொருட்படுத்தாமை, இனிப்பின்மீது புதிதாக எழும் அடங்காத ஆசை ஆகியவை முதலில் தெரியும். வீட்டில் இதைத் திமிர் என்றோ வயதான காலத்து நாக்குருசி என்றோ எடுத்துக்கொண்டு காலம் கடத்திவிடுகிறார்கள். சர்க்கரை அளவையும் பார்த்துவிட்டு, நரம்பியல் மருத்துவரிடம் இரண்டு மாற்றங்களையும் சேர்த்தே சொல்லுங்கள். எப்போதிலிருந்து என்பதை எழுதி எடுத்துக்கொண்டு போவது நல்லது.

16. எதுவுமே சொல்லாதுன்னா, பிள்ளைங்ககிட்ட 'உனக்கு என்ன பிடிக்கும்'னு கேட்கறதே வீணா?

வீண் இல்லை. நானும் புதிதாக வரும் ஒவ்வொரு மாணவரிடமும் அதைத்தான் முதலில் கேட்கிறேன். உணவின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், அதை எங்கே, யாரோடு, எப்போது சாப்பிட்டார் என்று அடுத்துக் கேட்டால் பிள்ளைகள் மனம் திறக்கிறார்கள்.

மே மாதத்தில் ஒரு பள்ளியின் கோடைப் பயிற்சியில் எல்லோருக்கும் மாம்பழம் நறுக்கிக் கொடுத்தார்கள். எட்டாம் வகுப்பு முடித்த ஒரு பையன் மட்டும் தட்டைத் தள்ளி வைத்தான். சேலத்தில் பிறந்துவிட்டு மாம்பழம் வேண்டாமென்கிறான், எதையும் ரசிக்கத் தெரியாத பிள்ளை என்று அவனுடைய ஆசிரியர் என்னிடம் சொன்னார். அவனை அழைத்து, கடைசியாக எப்போது மாம்பழம் சாப்பிட்டாய் என்று கேட்டேன். அவன் அப்பா ஒவ்வோர் ஆண்டும் யாருடைய தோப்பையோ குத்தகைக்கு எடுப்பாராம். காய்க்கும் பருவத்தில் குடும்பமே தோப்பில் கீற்றுக் கொட்டகை போட்டுக் காவலிருக்குமாம். முந்தைய ஆண்டு சூறைக்காற்றில் காய் முழுவதும் உதிர்ந்துபோக, வாங்க ஆளில்லாமல், பதினொரு நாள் வீட்டில் மாம்பழத்தைத் தவிர வேறெதுவும் உண்ண இல்லை என்றான். அழுகின வாசத்துக்கு ஈ மொய்க்கும் சார், அதுக்கு நடுவுலதான் தூங்கினோம் என்றான். பிறகு, வெள்ளரிக்காய் இருந்தால் சாப்பிடுவேன் என்று மெல்லச் சொன்னான்.